எந்தக் கவுண்டரில் எந்த அட்டை

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை பக்கம் தொழிற்சாலை வாசல்களில் லாரி நம்பரைக் குறித்துக்கொண்டு தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடும் காவலர்களில் முன்னாள் படைவீரர்கள் நிறையப் பேர். பட்டாளத்துக்காரர் என்பது அவர்கள் நிற்கும் நிலையிலேயே தெரிந்துவிடும். வாலாஜாபாத்துக்கும் பட்டாளத்துக்கும் உறவு பழையது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்த ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே படைமுகாம் இருந்தது.

இந்த அத்தியாயம், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களில் உடலில் ஒரு குறையோடு வந்தவர்களுக்கானது. சிகிச்சை, பென்ஷன், பிள்ளைகளின் படிப்பு பற்றியெல்லாம் சொல்ல ஆட்கள் உண்டு. விடுமுறை நாளில் குடும்பத்தோடு வண்டலூருக்கோ கடற்கரைக்கோ போய்வர என்ன சலுகை உண்டு, அதை எப்படி வாங்குவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு ஒரே அட்டையில் பதில் இருக்கிறது. நிரந்தர ஊனமுள்ள குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் ‘ஆக்சஸ் பாஸ்’ என்ற ஆயுட்கால அட்டையை அந்நாட்டு அரசு இலவசமாகத் தருகிறது. தேசியப் பூங்காக்கள், காடுகள், சரணாலயங்கள் என 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் அது செல்லும். சில இடங்களில் கூடாரக் கட்டணமும் பாதியாகிறது. முன்னாள் படைவீரர்களுக்கென்று, ஊனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 2022 நவம்பரிலிருந்து தனி ஆயுட்கால அட்டையும் உண்டு. கலிபோர்னியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஜீப்பும் மணல் பைக்கும் ஓட்டுவதற்கென்றே அங்கே அரசு நடத்தும் கரடுமுரடான களங்கள் இருக்கின்றன. போர்க்காலத்தில் பணியாற்றி, பணியால் 50 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனமடைந்த அம்மாநிலப் படைவீரருக்கு, அந்தக் களங்களை நடத்தும் மாநிலப் பூங்காத் துறை தனி அட்டை ஒன்றைக் கட்டணமில்லாமல் வழங்குகிறது.

ஒரகடம் வழித்தடத்தில் வேலை பார்த்துவிட்டு டெட்ராய்ட் பக்கம் போய்க் குடியேறிய பொறியாளர்களின் பெற்றோருக்கு இதில் ஒரு குறிப்பு. விசிட்டர் விசாவில் மகனைப் பார்க்கப் போகும் இந்தியப் படைவீரருக்கு ஆக்சஸ் பாஸ் கிடையாது. கிரீன் கார்டு இருந்தால் உண்டு. எந்த நாட்டுப் படையில் பணியாற்றினார் என்பது அங்கே கேள்வியே இல்லை. ஊனம் நிரந்தரமானதா என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் அப்படி ஒரே அட்டை கிடையாது. ஜீப் ஓட்டி விளையாட அரசு நடத்தும் களமும் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் சென்னைப் பந்தயத் தடம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. கரடுமுரடான களங்கள் என்று இருப்பவையும் தனியாருடையவை. இங்கே இருப்பது துண்டு துண்டான சலுகைகள். பேருந்துக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, சுங்கச்சாவடிக்கு ஒன்று, நுழைவுச் சீட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வேறு துறையின் கையில் இருக்கிறது, வேறு காகிதத்தைக் கேட்கிறது. இவற்றைக் கோத்து வைத்துக்கொண்டால் குறைந்த செலவில் நிறைய ஊர் சுற்றலாம்.

முதலில் பணப்பையைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான முன்னாள் வீரர்களிடம் மூன்று காகிதங்கள் இருக்கும்: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கொடுத்த அடையாள அட்டை, ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை, பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணையின் நகல். மூன்றும் மதிப்புள்ளவைதாம். ஆனால் பேருந்தில் நடத்துநரிடமோ உயிரியல் பூங்காவின் சீட்டுக் கவுண்டரிலோ இவற்றை நீட்டினால் மரியாதை கிடைக்கும், சலுகை கிடைக்காது. அங்கே கேட்பது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. இப்போது அது யூ.டி.ஐ.டி. என்ற நாடு முழுவதற்குமான ஒற்றை எண் அட்டை.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பி.பி.ஓ.வில் ஊன விழுக்காடு தெளிவாக அச்சாகியிருக்கும்போது இன்னொரு மருத்துவர் எதற்கு என்று கேட்கிறார்கள். எடுத்துக்காட்டாக, நாயக் பதவியில் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பீரங்கிச் சத்தத்தால் கேட்கும் திறன் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். பணியிலிருந்து விடுவிக்கும்போது மருத்துவ வாரியம் 20 விழுக்காடு என்று எழுதுகிறது. பென்ஷன் கணக்குக்காக அந்த எண்ணை மேல்நோக்கி முழுமையாக்கும் வழக்கம் படையில் உண்டு. 50-க்குக் கீழ் இருந்தால் 50 ஆகும். 50 முதல் 75 வரை இருந்தால் 75. அதற்கு மேல் போனால் 100. பணியிலிருந்து இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்த இந்த வசதி, முழுப் பணிக்காலம் முடித்து ஊனத்தோடு ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே நம் நாயக்கின் பென்ஷன் ஆணையில் 50 என்று இருக்கும். அவர் காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே மருத்துவர், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த அளவுகோலை வைத்துப் புதிதாக அளக்கிறார். மறுபடி 20 என்று வந்தால், பெரும்பாலான சலுகைகளுக்கு வாசலாக இருக்கும் 40 விழுக்காட்டை அவர் எட்டவில்லை.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஓர் எண் பென்ஷன் போடுவதற்கானது, மற்றது உடலை அளப்பதற்கானது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இதயக் கோளாறு, ரத்தக்கொதிப்பு ஆகியவற்றுக்கும் படையில் ஊன பென்ஷன் வாங்குகிறவர்கள் உண்டு. 2016 சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் அவை வரமாட்டா. அப்படிப்பட்டவர் இந்த அட்டைக்காக மருத்துவமனை வரிசையில் நிற்பது வீண்.

விண்ணப்பம் ‘ஸ்வாவலம்பன்’ இணையதளத்தில். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று போதும். கணினி பழக்கம் இல்லாதவர் காஞ்சிபுரம் ஆட்சியர் வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது படை மருத்துவமனையின் பழைய குறிப்புகளையும் எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துப்போவது நல்லது. மருத்துவர் அதில் உள்ள விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டார், ஆனால் காயத்தின் கதை அவருக்குப் புரியும். 2024 அக்டோபரில் திருத்திய விதிகளின்படி அட்டையில் நிறம் வந்திருக்கிறது: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். மஞ்சளும் நீலமும்தான் இந்த அத்தியாயத்தின் நாயகர்கள்.

அட்டை கைக்கு வந்ததும் முதல் பலன் பேருந்தில். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிரைப் போலவே மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. வெளியூர் போகும் அரசுப் பேருந்துகளில் கால் பங்கு கட்டணம் கொடுத்தால் போதும். ஆனால் வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்கு வரும் வண்டிகளின் படிக்கட்டு உயரம் முழங்காலைத் தொடும். செயற்கைக் காலோடு ஏறுகிறவருக்குச் சீட்டு இலவசம் என்பது அந்தக் கணத்தில் பெரிய ஆறுதல் இல்லை. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் நீதிமன்றத்தில் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகளை மீண்டும் ஓட்டத் தொடங்கியது. அவற்றைப் பிடிக்க முதலில் தாம்பரத்துக்கோ கிளாம்பாக்கத்துக்கோ போய்ச் சேர வேண்டும்.

அதனால் ரயிலை எண்ணிப் பார்க்கலாம். வாலாஜாபாத் நிலையம் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் இருக்கிறது. திருமால்பூரிலிருந்து சென்னைக் கடற்கரை வரை போகும் மின்சார ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் வண்டலூரில் இறங்கலாம். தொலைதூர ரயிலில் சலுகை கணிசமானது. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத கை, கால் குறைபாடு உள்ளவருக்கும் துணைவருக்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றடுக்கு ஏ.சி. ஆகியவற்றில் 75 விழுக்காடு கழிவு; இரண்டடுக்கு ஏ.சி.யில் பாதி. ராஜ்தானி, சதாப்தி ரயில்களில் மூன்றடுக்குக்கும் சேர் காருக்கும் 25 விழுக்காடு.

‘துணையின்றிப் பயணம் செய்ய இயலாத’ என்ற சொற்களை இன்னொரு முறை படிக்க வேண்டும். பட்டாளத்துக்காரரிடம் மருத்துவர், “நீங்க தனியா போய்வருவீங்களா?” என்று கேட்டால், நெஞ்சை நிமிர்த்தி, “எங்க வேணும்னாலும் போவேன் டாக்டர்” என்பதே வழக்கமான பதில். அந்தப் பதிலோடு ரயில் சலுகை போய்விடும். ஒரே கால் உள்ளவர் நடைமேடையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வண்டி ஒரு நிமிடம் நிற்கும் ஊரில் ஏற முடியுமா என்பதுதான் மருத்துவர் உண்மையில் கேட்பது. இருப்பதை இருப்பதுபோலச் சொன்னால் போதும். ரயில்வேக்கென்று தனிப் படிவத்தில் அரசு மருத்துவர் சான்று தர வேண்டும். அதை வைத்து ரயில்வேயின் சொந்த அடையாள எண்ணை இணையத்தில் வாங்கிக்கொண்டால், வீட்டிலிருந்தபடியே சலுகைக் கட்டணத்தில் முன்பதிவு செய்யலாம். காது மட்டும் ஓரளவு மந்தமானவருக்கு ரயிலில் சலுகை இல்லை. கேட்கும் திறனும் பேச்சும் முழுமையாக இழந்தவர்களுக்குத்தான் உண்டு. பரம் வீர் சக்ரா முதல் சௌர்ய சக்ரா வரை வீர விருது பெற்றவர்களுக்கு இலவச ரயில் பாஸ் தனிக் கணக்கு. அதற்கு ஊனம் இருக்க வேண்டியதில்லை.

சொந்த வண்டி என்று வந்தால் விஷயம் சுவாரசியமாகிறது. சுங்கச்சாவடியில் முன்னாள் படைவீரர் அட்டையைக் காட்டி வாக்குவாதம் செய்யும் காட்சி எல்லாருக்கும் பழக்கம். சட்டம் சாவடிக்காரர் பக்கம்தான். 1901-ஆம் ஆண்டின் படைச் சுங்கச் சட்டம் பணியில் இருப்பவர்களுக்கானது. ஓய்வுபெற்றவர்களுக்கு அது பொருந்தாது. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், 2008 வேறு இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன வீர விருதாளர்கள், புகைப்பட அடையாள அட்டையோடு வந்தால். மற்றது, உடல் குறைபாடு உள்ளவர் பயன்படுத்துவதற்கென்றே வடிவமைத்த இயந்திர வாகனம். ஆக, ஊனமுற்ற முன்னாள் வீரருக்குச் சுங்கச்சாவடியில் உதவுவது அவருடைய மார்புப் பதக்கமோ மருத்துவச் சான்றோ அல்ல, வண்டியின் ஆர்.சி. புத்தகம்.

அந்த ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. 2020 அக்டோபரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் வாகனப் பதிவுக்கான 20-ஆம் படிவத்தைத் திருத்தி, உரிமையாளர் வகையில் ‘திவ்யாங்ஜன்’ என்பதைச் சேர்த்தது. புது வண்டி வாங்குகிறவர் பதிவின்போதே இந்த வகையைக் குறிக்கச் சொல்ல வேண்டும். ஷோரூம் பையன் வழக்கமான ‘தனிநபர்’ என்பதைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். பிறகு திருத்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைய வேண்டும். இந்தப் பதிவு இருந்தால், கட்டண விலக்குள்ள ஃபாஸ்டேகுக்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சாதாரண ஃபாஸ்டேகை ஒட்டிக்கொண்டு போய்ச் சாவடியில் அட்டையை நீட்டுவதில் பயனில்லை. கருவி பணத்தை எடுத்த பிறகுதான் பேச்சே தொடங்கும்.

பழைய வண்டியை மாற்றியமைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஸ்கூட்டருக்கு இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்த ஒரு நல்ல பட்டறைக்காரருக்கு ஒரு பகல் போதும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி அந்த மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே காரணமாகும். 2019 திருத்தம் இத்தகைய வண்டிகளை ‘தகவமைத்த வாகனம்’ என்று அழைக்கிறது. ஓட்டுநர் உரிமத்திலும் அந்த வகை இருக்க வேண்டும். இப்படிப் பதிவான வண்டிக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு உண்டு. கால்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை விலையில்லாமல் தருகிறது என்பதால், பட்டறைக்குப் போகும் முன் நல அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. பணியிலிருந்து வந்த பிறகு ஊனமடைந்த முன்னாள் வீரர்களுக்கு நடமாட்டக் கருவி வாங்க மத்திய முன்னாள் படைவீரர் வாரியமும் நிதி தருகிறது. அதற்கு 50 விழுக்காடு ஊனம் வேண்டும்.

காரில் இடது கால் இல்லாதவருக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கிளட்ச் இல்லாத தானியங்கி கியர் வண்டியை வலது கால் ஒன்றைக் கொண்டே ஓட்டலாம். ஒரகடம் ரெனோ ஆலையிலிருந்தே அந்த வகைச் சிறிய கார்கள் வெளிவருகின்றன. முன்பெல்லாம் 40 விழுக்காட்டுக்கு மேல் கை, கால் குறைபாடு உள்ளவர் கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்று வாங்கினால் சிறிய காருக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு மட்டும், மற்றவர்களுக்கு 28-ம் அதற்கு மேல் தீர்வையும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு எல்லாருக்குமே 18 என்றாகிவிட்டது. எனவே சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது தரகுப் பணம் கேட்டால் நடையைக் கட்டலாம்.

இனி ஊர் சுற்றல்.

வாலாஜாபாத்திலிருந்து எளிதில் போகக்கூடியது வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. படப்பை வழியாக ஒரே நேர்ச்சாலை. பரனூர் சுங்கச்சாவடி வழியில் வராது. 1855-இல் சென்னையில் தொடங்கி, 1985-இல் வண்டலூருக்கு வந்த இந்தப் பூங்கா 600 ஹெக்டேருக்குச் சற்று மேல். சுற்றுப்பாதை தார் போட்டது, சக்கர நாற்காலி தடையின்றி உருளும். ஆனால் முழுவதும் சுற்றுவது நல்ல கால் உள்ளவர்களையே களைக்க வைக்கும். பேட்டரி வண்டிக்குக் காலையிலேயே சீட்டு எடுத்துவிட வேண்டும். யூ.டி.ஐ.டி. அட்டையைச் சீட்டு கிழிக்கும் முன் நீட்ட வேண்டும், பின் அல்ல. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்து போய் வாசலிலிருந்து திரும்புகிறவர்கள் எந்த வாரமும் உண்டு.

அடுத்தது வேடந்தாங்கல். 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் இந்த ஏரியின் பறவைகளுக்குப் பாதுகாப்பு ஆணை கொடுத்தார். கம்பெனிச் சிப்பாய்கள் இங்கே வந்து கொக்கு நாரைகளைச் சுட்டதால் ஊர்க்காரர்கள் போய் முறையிட்டதன் பலன் அது என்று சொல்வார்கள். சிப்பாய்களால் வந்த தடை உத்தரவின் பயனை இன்றைய முன்னாள் சிப்பாய்கள் அனுபவிக்கலாம். 2022-இல் இந்த ஏரி ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். பறவை பார்ப்பதெல்லாம் ஏரிக்கரை மேல் நடந்தபடியே என்பதால், காட்சிக் கோபுரத்தின் படிகளில் ஏற முடியாதவருக்கும் பெரிய இழப்பு இல்லை. கரையில் ஓர் இருக்கையும் ஒரு பைனாகுலரும் கிடைத்தால் காலைப் பொழுது ஓடிவிடும்.

ஸ்ரீபெரும்புதூரில் 2003-இல் திறந்த ராஜீவ் காந்தி நினைவிடத்துக்குச் சீட்டே இல்லை. சமதளம், அகலமான கல் பாதை. மாலை நேரத்துக்கு ஏற்றது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். குடவோலைத் தேர்தல் விதிகளைச் சுவரிலேயே படிக்கலாம்.

மணல்தான் உண்மையான சோதனை. சக்கர நாற்காலி மணலில் புதையும். ஊன்றுகோலின் முனை இறங்கும். செயற்கைக் கால் வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை: மணலும் உப்புநீரும் மூட்டுக்குள் புகுந்தால் தேய்மானம் வேகமாகும். புனேயில் 1944 முதல் இயங்கும் செயற்கை அவயவ மையத்தில் கால் பொருத்திக்கொண்டவர்கள், பழுது பார்க்க அவ்வளவு தூரம் போவதை நினைத்தாவது, கடற்கரை போய்வந்த அன்றே மூட்டை நல்ல தண்ணீரால் துடைத்து உலர்த்திவிட வேண்டும். தண்ணீருக்குப் பயந்து ஒதுங்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த முரளிகாந்த் பேட்கர், உடலைத் தேற்ற நீச்சல் பழகித்தான் 1972 ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கத்தை எடுத்தார்.

சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லம் அருகே அலை வரை போகும் மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். அதற்கு முன்பு, மாற்றுத்திறனாளி உரிமைக் கூட்டணி என்ற அமைப்பின் தூண்டுதலால், டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டி மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் கடல் பார்த்தவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கியது இந்த நிரந்தரப் பாதை. திறந்த சில நாட்களிலேயே மாண்டஸ் புயல் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. சீர்செய்து மறுபடி திறந்தார்கள். மணலில் ஓடக்கூடிய அகலச் சக்கர நாற்காலிகளும் அங்கே உண்டு, கட்டணமில்லை. பின்னர் பெசன்ட் நகரிலும் இதேபோன்ற பாதை வந்தது.

வாலாஜாபாத்காரர்களுக்கு மெரினாவைவிட நெருக்கமானது கோவளம். 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் மாற்றுத்திறனாளிகள் அணுகும் வசதியும் ஒன்று. செங்கல்பட்டு, திருப்போரூர் வழியாகப் போனால் சென்னை நெரிசல் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையின் சுங்கச்சாவடி மாநிலச் சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை விலக்கு அங்கே தானாகச் செல்லாது. அந்தச் சாவடியின் பலகையில் எழுதியிருப்பதே விதி.

ஜீப்பை மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு: வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாதையை விட்டு விலகி வண்டி ஓட்டினால், ஓட்டியவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று வனத்துறை கேட்காது. தனியார் களத்துக்குப் போகிறவர், கைக் கட்டுப்பாடு பொருத்திய வண்டியை அங்கே அனுமதிப்பார்களா, காப்பீடு அதற்குச் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாநில அரசு 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டத்தில் எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். எளிது என்பது இரண்டு கால்களுக்கு எளிது என்று படிக்க வேண்டும்.

அட்டை சரியாக இருந்தும் சலுகை மறுத்தால்? கவுண்டரில் குரல் உயர்த்துவதைவிட, முழுக் கட்டணச் சீட்டையே வாங்கிப் பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம். தேதி, நேரம், இடம் அச்சான அந்தச் சீட்டுதான் சாட்சி. அதோடு, மறுத்தவரின் பதவி, அவர் சொன்ன காரணம், அங்கிருந்த கட்டணப் பலகையின் படம். திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். முன்னாள் படைவீரர்களுக்கென்று தனிக் குறைதீர் கூட்டமும் அவ்வப்போது நடக்கிறது. அங்கே தீராவிட்டால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம்.

மனுவில் எந்தப் பிரிவைக் குறிப்பது என்பது பலருக்குக் குழப்பம். பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் சமமாகப் பங்கேற்கும் உரிமையை 2016 சட்டத்தின் 29-ஆவது பிரிவு பேசுகிறது. சாய்தளம், கழிப்பறை போன்ற வசதிகளுக்கு 40-ஆவது பிரிவும் அதைத் தொடர்ந்தவையும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 89-ஆவது பிரிவு சொல்கிறது. மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. சாய்தளம் இல்லாத பூங்காவைப் பற்றி எழுதுகிறவர், ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். அணுகல் வசதி விதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்கக் கூடாது, கட்டாயமான குறைந்தபட்ச அளவுகளை வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு மூன்று மாதக் கெடு வைத்த தீர்ப்பு அது. மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பக் கூடாது. பட்டாளத்தில் பழகியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.